கறுப்பு கார்டுக்குக் கடைசி நாள்

அத்தியாயம் 17

போன வாரம் இந்த வீட்டைக் குளியலறைக் குழாய்ச் சண்டைக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தோம். குழாய் சரியாகிவிட்டது. சண்டைதான் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

சண்டைக்குக் காரணம் குழாய் இல்லை என்பது இத்தனை வாரமாகக் கூடவே வருகிற உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காரணம், பாயிண்ட்காரரின் சட்டைப் பையில் இருக்கிற ஒரு கறுப்பு கிரெடிட் கார்டு.

பாயிண்ட்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. குடியிருப்பில் யாருக்கும் அது ஞாபகமில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய கடைவளாகத்தின் வாசலில், டை கட்டிய ஒருவர் இந்தக் கார்டை இவர் தலையில் கட்டினார். செலவழிக்கச் செலவழிக்கப் பாயிண்ட் சேரும். பாயிண்டைக் கொடுத்தால் விமான டிக்கெட் வரும். விமான நிலையத்து லவுஞ்சில் காசு கொடுக்காமல் சாப்பிட்டுச் சாய்ந்து உட்காரலாம். இவ்வளவுக்கும் வருடச் சந்தா, இவர் மனைவியின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அன்றிலிருந்து மனிதருக்கு வேறு சிந்தனை இல்லை. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின், எதிர்வீட்டுக்காரரின் பல் டாக்டர் செலவு, மச்சினரின் கார் டயர் என்று ஊரார் வாங்குவதற்கெல்லாம் தன் கார்டை நீட்டினார். அவர்களிடமிருந்து பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பாயிண்ட் மலையாகக் குவிந்தது. ஆனால் அதில் ஒன்றை எடுத்துச் செலவழிக்க அவருக்கு மனசு வரவில்லை. எப்போது கேட்டாலும் இப்போது எடுத்தால் நஷ்டம் என்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பவர் சீட்டைப் பார்த்து லென்ஸ் எடுத்து, பிரேமில் பொருத்தி, மூக்கிலும் காதிலும் உறுத்தாமல் வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒன்பது மணி நேரம் நின்றபடியே. வாடிக்கையாளர்கள் கண்ணாடியம்மா என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டு வருகிறோம்.

ஒரே மகள், பாப்பா. கடல் தாண்டி இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. போன வருடம் பாப்பா சொந்தமாக ஒரு பேக்கரி திறந்தாள். அப்பா கையால்தான் ரிப்பன் வெட்ட வேண்டும் என்று டிக்கெட்டும் எடுத்து அனுப்பி, முன் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். அந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. அம்மாவும் அப்பாவும் லவுஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விமானம் கிளம்பிப் போய்விட்டது.

கார்டின் புண்ணியத்தில் லவுஞ்ச், லவுஞ்சின் புண்ணியத்தில் வீடு திரும்பல். அன்றிலிருந்து பாப்பா அப்பாவிடம் சரியாகப் பேசுவதில்லை. அவர் போன் செய்தால் பத்தில் ஒன்றைத்தான் எடுப்பாள். எடுத்தாலும் 'ம்' என்பதோடு சரி.

இந்தச் செவ்வாய்க்கிழமை அந்தக் கார்டின் வருடக் கணக்கு முடிகிறது. மாலை ஐந்து மணிக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அடுத்த வருடச் சந்தா தானாகப் பிடிக்கப்பட்டுவிடும். சொல்லிவிட்டால் எடுக்காத பாயிண்ட் எல்லாம் அதோடு போயிற்று. பேங்க் கடிதம் ஒரு மாதமாக ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது. அதன் மேல் கண்ணாடியம்மா சிவப்பு மையில் 'மூடணும்' என்று எழுதி, இரண்டு கோடு இழுத்திருக்கிறாள்.

*

அன்று காலை ஆறரைக்குப் பாப்பா கூப்பிட்டாள். கண்ணாடியம்மா இரண்டு டப்பாவில் மதியச் சாப்பாடு அடைத்துக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் போனை மேடை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

பாப்பாவுக்கு இது ஒன்பதாவது மாதம். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாராம். மாப்பிள்ளையின் கப்பல் கரைக்கு வர மாதக் கடைசியாகும். பேக்கரியை உடன் வேலை செய்கிற பெண் பார்த்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குத்தான் ஆள் இல்லை.

கேட்க வந்ததை அவள் கேட்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கர்வக்காரி. யார் மாதிரி என்று நான் சொல்லப் போவதில்லை.

"அம்மா, நீ வந்து இருக்க முடியுமா?"

"இதென்னடி கேள்வி. வந்துடறோம்."

"நீ மட்டும் வந்தா போதும்மா."

பாயிண்ட்காரர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். பாதி முகத்தில் ஷேவிங் நுரை. கண்ணாடியம்மா போனை எட்டி எடுப்பதற்குள் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது, கேட்க வேண்டியவர் காதிலும் விழுந்துவிட்டது. அவர் திரும்பிப் போய் மீதிப் பாதி முகத்தையும் மழித்துக்கொண்டு வந்தார். கீழ்த்தாடையில் ஒரு இடத்தில் வெட்டியிருந்தது.

"பாயிண்ட் இருக்கு," என்றார் சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாம கடைக்குப் போ. சாயந்திரம் அதை மூடியும் விட்டுடறேன். நீ சொன்னதுதான் சரி."

நாலு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. காதில் விழுந்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கப் பயந்துகொண்டு, டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

*

கடையில் பதினோரு மணி வரைக்கும் வேலை பிடித்து இழுத்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு எட்டு ஜோடி. ஒரு டிரைவருக்குக் கறுப்புக் கண்ணாடி. அப்புறம் ஒரு தபால் ஆபீஸ் அம்மாள், வாழ்க்கையில் முதல் முறையாகத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ் போட்டுக்கொள்ள வந்திருந்தார்.

அந்த மாதிரி லென்ஸுக்கு அளவு எடுக்கும்போது எதிரில் உட்கார்ந்து, கண்மணிக்கு நேராகப் பிரேமில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு கடுகளவு தள்ளிப்போனால் போதும், போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும், படிக்கட்டு இரண்டாகத் தெரியும். இருபது வருடமாக இதைத் தூக்கத்தில்கூடச் சரியாகச் செய்கிறவள் கண்ணாடியம்மா.

"என் மூக்கைப் பாருங்கம்மா. அசையாம," என்று சொல்லிப் பேனாவை எடுத்த நேரத்தில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஆனால் மேஜையில் திரை வெளிச்சமாகக் கிடந்தது. பாயிண்ட்காரர் ஒரு படம் அனுப்பியிருந்தார். விமான டிக்கெட்.

ஒரே ஒரு பெயர். அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி விமானம். கீழே அவர் எழுதியிருந்தார்: 'பெரிய சீட்டு எடுத்திருக்கேன். மல்லாந்து படுத்துக்கலாம். உனக்கு இடுப்பு வலி இருக்கில்ல. பதினோரு மணி நேரம் உட்கார முடியாது. பாயிண்ட் எல்லாம் சரியாப் போச்சு. நாலரைக்கு வேலை முடிச்சுட்டு பேங்க்குக்குப் போன் பண்ணி மூடிடறேன்.'

அவள் வைத்த புள்ளி கண்மணியை விட்டுக் காத தூரம் போயிருந்தது.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று தபால் ஆபீஸ் அம்மாள் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் புள்ளியைத் துடைத்தாள். திரும்ப வைத்தாள். திரும்பத் துடைத்தாள். மூன்றாவது முறை கடை முதலாளி வந்து பேனாவை வாங்கிக்கொண்டு, போய்த் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

நாலு வருடத்துச் சேமிப்பு. ஒரு பாயிண்டை எடுப்பதென்றால் உயிரை எடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிற மனிதர், அத்தனையையும் ஒரே காலையில் ஒரே சீட்டில் கொட்டியிருக்கிறார். அந்தப் பாயிண்டில் சாதாரண சீட்டு இரண்டு வந்திருக்கும். இரண்டு எடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. தன்னை வரச் சொல்லவில்லை என்று கேட்டதும், சரி என்று ஒதுங்கிக்கொண்டுவிட்டார். ஒதுங்கிப் பழகிவிட்டது.

இங்கே நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். பதினாறு வாரமாக நானும் கண்ணாடியம்மாவின் கட்சியில் நின்றுவிட்டேன். விமானத்தைத் தவறவிட்ட கதையை அவள் மகளிடம் எப்படிச் சொன்னாளோ அப்படியேதான் உங்களிடமும் சொன்னேன். நடந்தது அது இல்லை.

அன்றைக்கு லவுஞ்சில் முதுகைப் பிடித்துவிடுகிற ஒரு நாற்காலி இருந்தது. பொத்தானை அமுக்கினால் இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் உருளும். கண்ணாடியம்மா அதில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெண் வந்து காபி வேண்டுமா என்று கேட்டு, கையில் கொண்டுவந்து கொடுத்தாள். இருபது வருடமாக நின்றுகொண்டே இருந்தவளுக்கு, உட்கார்ந்த இடத்தில் ஒருவர் காபி கொண்டுவந்து தருவது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. ஆமாம், கார்டைக் கரித்துக்கொட்டுகிற அதே கண்ணாடியம்மாதான். சொர்க்கம் என்று நினைத்தாள்.

விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது பாயிண்ட்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, கிளம்பலாம் என்றார். "இன்னும் பத்து நிமிஷங்க," என்றாள் இவள். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து அவர் பார்த்தபோது இவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப அவருக்கு மனசு வரவில்லை. அறிவிப்பு வரும், எழுப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். லவுஞ்சுக்குள் அறிவிப்பு செய்ய மாட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும். வாழ்க்கையில் இரண்டாவது முறைதான் அவர் விமான நிலையத்தையே பார்க்கிறார்.

அவர்களுடைய கேட் கட்டிடத்தின் அந்தக் கோடி. ஓடினார்கள். கதவு கண்ணெதிரே மூடியிருந்தது. மகளுக்குப் போன் போட்டது கண்ணாடியம்மா. என்ன ஆச்சு என்று பாப்பா அழுகிற குரலில் கேட்டதும், வெட்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எல்லாம் உங்கப்பாவால. கார்டுக்குப் போட்ட காசைச் சாப்பிட்டே தீர்க்கணும்னு உட்கார்ந்துட்டாரு."

அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கேட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இந்த ஒரு வருடத்தில் ஒரு சண்டையில்கூட அதை எடுக்கவில்லை.

*

மூன்றேமுக்காலுக்குக் கண்ணாடியம்மா கடையின் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பிரேம் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பாப்பாவைக் கூப்பிட்டாள். பெற்ற மகளிடம் பேச இப்படிப் பயந்தது இதுதான் முதல் தடவை.

டிக்கெட் கிடைத்ததா என்று பாப்பா கேட்டாள். கிடைத்தது என்றாள்.

"ஆனா நான் கூப்பிட்டது அதுக்கு இல்ல. போன வருஷம் நடந்ததைப் பத்தி."

"அதை விடும்மா இப்ப."

"விட முடியாது பாப்பா. ஃப்ளைட்டை விட்டது உங்கப்பா இல்ல. நான்."

சொன்னாள். நாற்காலி, காபி, பத்து நிமிடம், வாயைத் திறந்து தூங்கியது, ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல வார்த்தை தடுமாறவில்லை. ஒரு வருடமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்ததால் மனப்பாடமாகிவிட்டிருந்தது.

அந்தப் பக்கம் பேக்கரி அடுப்பு நேரம் முடிந்தது என்று விட்டுவிட்டுக் கத்தியது. யாரும் அதைப் போய் அணைக்கவில்லை.

"நீ அன்னைக்குப் போன்ல சொன்னப்ப அப்பா எங்க இருந்தாரு?"

"பக்கத்துல."

"கேட்டாரா?"

"கேட்டாரு."

"நான் அவர் போனை எத்தனை தடவை எடுக்காம விட்டிருக்கேன் தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஒவ்வொரு தடவையும் நான்தானே பக்கத்துல உட்கார்ந்து பாத்துட்டு இருந்தேன்."

இதைச் சொல்லும்போதுதான் கண்ணாடியம்மாவுக்குக் குரல் உடைந்தது. மணி அடித்து அடித்து ஓய்ந்ததும் அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'அடுப்புல வேலையா இருப்பா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கண்முன்னால் வந்தது.

பாப்பாவும் அழுதாள். அழுகைக்கு நடுவில் கோபமும் வந்தது. அம்மா என்றால் தப்பே செய்யாதவள் என்று நினைத்திருந்தேன், ஒரு வருடம் என்னை ஒரு பாவியாக்கிவிட்டாய் என்றாள். திட்டுவது நியாயமாக இருக்கும்போது திட்டு வாங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அதைக் கண்ணாடியம்மா அன்றுதான் கண்டுகொண்டாள்.

"உன்மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கும்மா."

"இருக்கட்டும். நேர்ல வந்து வாங்கிக்கறேன்."

பாப்பா மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அந்த ரிப்பனை நான் வெட்டலம்மா. எல்லாரும் வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க. வெட்ட மனசு வரல. கையால முடிச்சை அவிழ்த்துட்டு உள்ள விட்டேன். சுருட்டி மேஜை டிராயர்ல வச்சிருக்கேன்."

"பாப்பா."

"அப்பாவையும் கூட்டிட்டு வா."

*

மணி நாலு இருபது. கண்ணாடியம்மா கணவருக்குப் போன் போட்டாள். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது. மறுபடி போட்டாள். அதேதான். அப்போதுதான் உறைத்தது. நாலரைக்குச் சொல்கிறேன் என்றவர் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டார். பேங்க்கோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

டிக்கெட் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரிக்குப் பொடி எழுத்து ஒரு பொருட்டா. அடியில் இருந்தது: டிக்கெட்டை மாற்றுவதானால் கார்டு நடப்பில் இருக்க வேண்டும். மூடிவிட்டால் இருக்கிற டிக்கெட் செல்லும், ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பெரிய சீட்டு ஒன்று பெரிய சீட்டு ஒன்றாகவே இருந்துவிடும். தனியாக ஒரு டிக்கெட் காசு கொடுத்து வாங்குவதென்றால் அது அவர்களுக்கு எட்டாத விலை. சந்தாவைப் போல நாலு மடங்கு.

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் வேலை செய்கிற கட்டிடம் இரண்டு தெரு தள்ளி. வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே பலகை: 'லிஃப்ட் பழுது பார்க்கப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

பலகையை மாட்டியவர் அவள் வீட்டுக்காரர். மெஷின் ரூம் மொட்டை மாடியில். எட்டு மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டதற்கு இதுதான் பலன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். மூன்றாவது மாடியில் இடுப்பு முனகியது. ஐந்தாவது மாடியில் கத்தியது. ஏழாவது மாடியில் அவளும் சேர்ந்து கத்தினாள். மேலேயிருந்து பதில் இல்லை. போனில் ஓடுகிற பாட்டுச் சத்தம் மட்டும் வந்தது. பேங்க்கில் காக்க வைத்திருக்கிறார்கள்.

பாயிண்ட்காரர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். போன் கருவிப்பெட்டி மேல். கார்டு கையில். கதவில் நிழலாடியதைப் பார்த்ததும் பதறி எழுந்தார். பாப்பாவுக்கு என்ன ஆச்சு என்றார்.

"நல்லா இருக்கா." மூச்சு வாங்கியது. "நான் சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிட்டே?"

"பத்து நிமிஷம் கேட்டது நான்தான்னு. தூங்கினது நான்தான்னு."

அவர் அவளைப் பார்த்தார். எண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"எதுக்கு அதைப் போய். அவ உன்னை நினைச்சுட்டு இருந்தது நினைச்சபடி இருந்திருக்கலாம். மாசமா இருக்கிற நேரத்துல அவளுக்கு ஒருத்தராவது வேணும்ல."

"ரெண்டு பேர் வேணுமாம்," என்றாள் கண்ணாடியம்மா. "ரிப்பன் இன்னும் வெட்டலையாம். உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா."

பாயிண்ட்காரர் திரும்பி நின்று மோட்டாரின் கேபிளைச் சரிபார்க்க ஆரம்பித்தார். சரியாக இருந்த கேபிள்தான். முதுகு மட்டும் இரண்டு முறை குலுங்கியது. அவள் கிட்டே போய் முதுகில் கை வைத்தாள். மன்னிச்சுக்கோங்க என்றாள். அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை என்பதால் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டு நின்றது. பேங்க் பெண் பேசினாள். கார்டை மூட வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள், உறுதி செய்துகொள்ளலாமா சார் என்றாள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என் மனைவி பேசுவாங்க, அவங்க சொல்றபடி செய்யுங்க என்றார்.

கண்ணாடியம்மா போனைக் கையில் எடுத்தாள். சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்தவள்.

"மூட வேண்டாம். இன்னொரு வருஷத்துக்குப் போடுங்க."

சந்தாத் தொகையைப் பேங்க் பெண் ஒருமுறை சொன்னாள். தெரியும், நெஞ்சில் பச்சை குத்தி வைத்திருக்கிறது என்றாள் கண்ணாடியம்மா. அப்புறம் பெரிய சீட்டைக் கொடுத்துவிட்டு, அதே விமானத்தில் சாதாரண சீட்டு இரண்டு வேண்டும் என்றாள்.

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. ஒரு சீட்டு உறுதியாக இருக்கிறது என்றாள் பேங்க் பெண். இன்னொன்று காத்திருப்புப் பட்டியலில் முதல் இடம். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெரிந்துவிடும், பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது. உறுதியான சீட்டு யார் பெயரில் போட வேண்டும் மேடம்?

"அவர் பேர்ல," என்றாள்.

"ஏய், என்ன பேசறே," என்று பாயிண்ட்காரர் குறுக்கே வந்தார். "ஆபரேஷனுக்குத் துணைக்கு நீதானே போகணும். உன் பேரைப் போடு."

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என் பேர்ல சீட்டு வரலைன்னா நான் அந்தப் பொண்ணை, அவ மேலாளரை, ஃப்ளைட் ஓட்டறவரை எல்லாம் பிடிச்சு உலுக்கி எப்படியாவது வந்து சேர்ந்துடுவேன். உங்க பேர்ல வரலைன்னா நீங்க சரின்னு சொல்லிட்டு இங்கேயே நின்னுடுவீங்க. உங்களை எனக்குத் தெரியும்."

அவள் கையை எடுத்துவிட்டு, எழுத்துப் பிசகாமல் அவருடைய முழுப் பெயரைச் சொன்னாள். பெற்றோர் வைத்த பெயர். அவர் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ.

*

லிஃப்டை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் அதிலேயே இறங்கினார்கள். பாயிண்ட்காரர் லிஃப்ட் கண்ணாடியில் பார்த்துத் தன் கீழ்த்தாடை வெட்டைத் தடவிக்கொண்டே கேட்டார், அப்போ இந்தக் கார்டு போட்ட காசுக்குப் பெறும் என்று ஒப்புக்கொள்கிறாயா என்று. அடுத்த வருடம் இதே தேதியில் சொல்கிறேன் என்றாள் அவள்.

"ஒன்பது மணி ஃப்ளைட்டுன்னா அஞ்சரைக்கெல்லாம் அங்க இருக்கலாம்," என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "லவுஞ்சுக்கு இல்ல. நேரா கேட்டுக்கு. அங்க இரும்பு நாற்காலி போட்டிருப்பாங்க. அதுல உட்கார்ந்துக்கலாம்."

"நான் நின்னுக்கறேன்," என்றாள் கண்ணாடியம்மா. "உட்கார்ந்தா தூங்கிடுவேன்."

அவர் சிரித்தார். நான்காவது மாடியைத் தாண்டும்போது அவர் போன் ஒலித்தது. பாப்பாவிடமிருந்து செய்தி. அவர் எண்ணுக்கு. ஒரு வருடத்தில் முதல் தடவை. மூக்குக் கண்ணாடியைத் தேடினார், மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். மனைவிதான் வாங்கிப் படித்துக் காட்டினாள்.

'அப்பா, கத்திரிக்கோல் நீங்க எடுத்துட்டு வரீங்களா, இல்ல நான் வாங்கி வைக்கவா?'

பாயிண்ட்காரர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கண்ணாடி இல்லாமல், எண்ணெய் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினார். தரைத்தளம் வந்து கதவு திறந்து, யாரும் இறங்காமல் தானாக மூடியும் கொண்டது. கண்ணாடியம்மா அவசரப்படுத்தவில்லை.

'நீயே வாங்கி வைம்மா. ஃப்ளைட்ல கத்திரிக்கோல் விட மாட்டாங்க. அப்பா வரேன்.'